மற்றும் ஒரு பெண்

இட்லிப் பானை பரணில் இருந்தது. ஆனந்தமேரி வலது கையை உயர்த்தி அதை எடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் யூஜினுக்கு வாயில் வைத்த காபி உள்ளே இறங்கவில்லை.

நான்கு வருஷமாக அந்தக் கை தோளுக்கு மேலே போனதில்லை. சேதராப்பட்டில் இருந்த தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பஸ் படியில் வழுக்கி விழுந்து தோள்பட்டை விலகியது. பெரியாஸ்பத்திரி, எண்ணெய்க் கட்டு, கரண்ட் வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தலை வாருவதென்றால் கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல், தலையைக் கைக்குக் குனிந்து கொடுப்பாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு சாரம் பகுதியில் இருந்த வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டாள்.

“மேரி, கை...” என்றார்.

“கைக்கு இன்னா?”

அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் புதிதாக வாங்கிய சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு பானையைக் கழுவப் போனாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். யூஜினும் சந்தோஷப்படத்தான் பார்த்தார். ஆனால் முடியவில்லை. சமையலறையில் ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது. பக்கத்தில் யாரும் வீடு கட்டவில்லை.

அன்று மத்தியானம் நடந்ததை அவர் மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார்.

யூஜின் அரசாங்கத் துறையொன்றில் ஒர்க் அசிஸ்டென்ட். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. தேர்தல் தேதியை அறிவித்த நிமிஷமே ஊரிலுள்ள தலைவர் சிலைகள், கல்வெட்டுகள், கட்சி நிறம் பட்ட கம்பங்கள் எல்லாவற்றையும் துணியால் மூடி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஐந்து தேர்தலாக அது அவர் வேலை. ‘இருந்த காலத்துல ஓயாம பேசுனவங்கள எல்லாம் ஒரே நாள்ல வாயை மூட வைக்கிறவன் நான் ஒருத்தன்தான்’ என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வார்.

இந்தத் தடவை லிஸ்ட்டில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. சாரத்தில், அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற தியாகிகள் நினைவிடம். விடுதலைப் போராட்டத்தில் குண்டடிபட்டு இறந்தவர்களுக்காகக் கட்டியது. பின்னால் ஐந்து ஆண்கள், முன்னால் ஒரு பெண், எல்லாம் ஆளுயரச் சிமெண்ட் உருவங்கள். கல்வெட்டில் ஐந்து பேருக்குப் பெயர் உண்டு. ஆறாவது வரியில் ‘மற்றும் ஒரு பெண்’ என்று மட்டும் இருக்கும். யார் பெற்ற மகள், எந்தத் தெரு, ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் ஆட்சியில் அந்த இடத்துக்கு ஒரு பெயரைப் போடப் பார்த்தது. ஆளுக்கொரு பெயரைச் சொல்லிச் சண்டை போட்டதில் கடைசிவரை எதையும் போடவில்லை. ஆட்சி மாறினால் அவள் சேலையின் நிறம் மட்டும் மாறும்.

அவள் வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். அது ஒரு கட்சியின் சின்னத்தை ஞாபகப்படுத்துகிறது என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அதனால் மூட வேண்டியதாயிற்று.

ஐந்து ஆண்களுக்கும் வெள்ளைத் துணி போதுமாயிருந்தது. பெண்ணுக்குத் துணி தீர்ந்துபோனது. ஐந்து மணிக்குள் போட்டோ போக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் யூஜினுக்கு அந்த யோசனை வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. அதன் கடைசி இரண்டு வாரங்களில் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். பங்குக்கோயிலுக்கு அந்த உறைகளைத் தைத்துக் கொடுப்பவள் ஆனந்தமேரி. மாதா சுரூபத்துக்குப் புது உறை ஒன்று தைத்து வீட்டில் வைத்திருந்தாள். ஊதா எந்தக் கட்சியின் நிறமும் இல்லை. யூஜின் போன் பண்ணினார்.

“கோயில் துணிய இதுக்குப் போடறதாங்க? பங்குச் சாமியாரு கேட்டா இன்னா சொல்றது?”

“வேற தைச்சுக் குடுத்துடலாம், மேரி. எடுத்துக்கினு வா.”

கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். நீளமான பை போன்ற உறை. தலையில் மாட்டி இழுத்தால் பாதம் வரைக்கும் இறங்கும், கீழே நாடா. மாதாவின் கிரீடத்துக்காக மேலே ஒன்றரை அடி கூடுதலாக விட்டிருந்தாள். அந்தப் பெண்ணின் தூக்கிய கை அதற்குள் அடங்கிவிடும்.

“நீளம் பத்துமா?” என்றார் யூஜின்.

“அவளும் என் ஒசரம்தான். பாருங்களேன்” என்று சிரித்துக்கொண்டே பீடத்தின் மேல் ஏறி, தலையைக் குனிந்து அந்த உறைக்குள் நுழைத்துக்கொண்டு சிலைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கோயில் உறைகளை எப்போதும் அப்படித்தான் அளவு பார்ப்பாள். உள்ளேயிருந்து அவள் சிரிப்பு கேட்டது. மூச்சு விடும்போது வாய்க்கு நேராகத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

அப்போது உதவிப் பொறியாளர் கோபிநாத்திடமிருந்து போன் வந்தது. யூஜின் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பேசினார். இரண்டு நிமிஷம் இருக்கும். திரும்பிப் பார்த்தபோது சிலை மூடியிருந்தது. நாடாவும் கட்டியாகிவிட்டது. ஆனந்தமேரி பீடத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

“அதுக்குள்ள நீயே மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன்.”

தூக்கிய கைக்கு மேல் அந்த உறையை மாட்ட வேண்டுமானால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியாக வேண்டும். அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். அவள் கழுத்தில் டேப் இல்லை என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார்.

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்று அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஆனந்தமேரி உட்காரவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே பிசைந்தாள், நின்றுகொண்டே ஜெபமாலை உருட்டினாள், உதடு மட்டும் அசைந்தது. மெஷினுக்குப் போட்ட மூடி அப்படியே இருந்தது. தினமும் சாயங்காலம் யூஜின்தான் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க வேண்டும், அவளுக்குக் கிட்டத்தில் பார்வை மங்கல். கோத்ததும் நூலை இரண்டு தடவை சுண்டி இழுப்பாள், சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷத்துப் பழக்கம். அன்று அவர் கோத்து நீட்டியபோது ஊசியை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

“தைக்கலையா?”

“எதுக்கு?”

சென்னையில் நர்ஸாக இருக்கிற மகள் ஜெர்லின் வீடியோவில் அம்மாவைப் பார்த்துக் குதித்தாள்.

“அம்மா, இன்னொரு வாட்டி கைய தூக்குங்க! அப்பா, இன்னா பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க? இதுக்குத்தான நாலு வருஷமா வேண்டிக்கினு இருந்தீங்க?”

யூஜின் தலையாட்டினார். கேமராவுக்கு முன்னால் ஆனந்தமேரி கையைத் தூக்கினாள். போனை வைத்த பிறகும் வெகுநேரம் இறக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் மூடிய சிலைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்து வரும் வேலை. நினைவிடத்தில் வேப்பிலைகள் காலுக்கடியில் நொறுங்கின. எதிர்க் கடையில் வடை வேகிற வாசனை. ஐந்து வெள்ளை உருவங்கள் காற்றில் லேசாகப் படபடக்க, முன்னால் ஊதா உருவம் மட்டும் அசையாமல் நின்றது. ஏதோ இடித்தது. செல்லில் முதல் நாள் போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். போட்டோவில் கை இருந்த இடத்தில் துணி கூர்மையாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கூர் தோள் மட்டத்துக்கு வந்திருந்தது. மேலே மிஞ்சிய துணி தலையில் மடிந்து கிடந்தது.

கிட்டே போனார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையளவு ஈரம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி அந்த இடத்தில் உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

காற்றில்லை. இப்போது வெள்ளைத் துணிகளும் அடங்கிவிட்டன, வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

“மேரி?” என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டார்.

“இன்னா சார்?” என்று காவலுக்கு இருந்த போலீஸ்காரர் இளம்பரிதி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். புகார் வந்த இடமாதலால் அங்கே ஒரு போலீசும், கம்பத்தில் ஒரு கேமராவும் போட்டிருந்தார்கள்.

“இந்தத் துணிய ஒருதரம் அவுத்துப் பாக்கணும், தம்பி.”

“அய்யோ சார். நீங்களே கட்டிட்டு நீங்களே அவுத்தா கேஸ் ஆயிடும் சார். மேல கேட்டுக்கினு வாங்க.”

யூஜின் நேராக ஆபீசுக்குப் போனார். கோபிநாத் நல்ல பையன். யூஜினைவிட இருபது வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு மேசையில் பேனாவைத் தட்டினார்.

“கை இறங்கிடுச்சின்னா சிமெண்ட் விரிசல் உட்ருக்கும், யூஜின்ணே. வோட்டு எண்ணி முடியட்டும், பாத்துக்கலாம். இப்ப அத தொட்டா எந்தக் கட்சிக்காரன் இன்னா சொல்லுவான்னு யாருக்குத் தெரியும்?”

“உள்ள மூச்சு வாங்குது சார்.”

கோபிநாத் பேனாவைக் கீழே வைத்தார். “நல்லா தூங்குனீங்களா ராத்திரி?” என்றார்.

அதற்கடுத்த வாரம் தேர்தல் பறக்கும் படை வந்தது. உறையின் பக்கவாட்டுத் தையல் ஓரிடத்தில் விட்டிருக்கிறது, உடனே சரி செய்யுங்கள் என்று யூஜினை வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் ஒரு சாண் நீளம் பிரிந்திருந்தது. கிழியவில்லை. ஒவ்வொரு தையலாக, நூல் அறுபடாமல், பொறுமையாக உருவப்பட்டிருந்தது. தையல் தெரிந்தவர்கள்தான் அப்படிப் பிரிப்பார்கள். அதுவும் உள்பக்கத்திலிருந்து.

பிளவுக்குள் இருட்டு. மத்தியான வெயிலில் அவ்வளவு இருட்டு. அதிலிருந்து கதகதவென்று ஒரு காற்று அவர் மணிக்கட்டில் பட்டது. தேங்காயெண்ணெய் வாசனை.

“சீக்கிரம் தைங்க” என்றார் அதிகாரி. பக்கத்தில் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு கட்சிக்காரர்கள் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். யூஜினின் விரல்கள் கோணி ஊசியில் நூலைக் கோத்தன. அவர் தைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொள்ள, கை பாட்டுக்குத் தைத்தது. முப்பத்தைந்து வருஷம் மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்து பழகிய கை.

கடைசித் தையலுக்கு ஊசியை உள்ளே விட்டு வெளியே இழுத்தபோது நூல் இறுகியது. உள்ளே எதிலோ சிக்கியது போல. பிறகு யாரோ அதைச் சுண்டினார்கள்.

ஒரு தடவை. இன்னொரு தடவை.

யூஜினுக்குக் கண்ணில் வெயில் கூசியது. “சார்...” என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“முடிச்சிப் போடுங்க. டைம் ஆவுது.”

முடிச்சுப் போட்டார்.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்து வாய் பொத்தி அழுதார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஆனந்தமேரி என்றால் கேட்டிருப்பாள். அதட்டியாவது கேட்டிருப்பாள்.

“நீ யாரு?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். நெற்றி சுருங்கியது, வாய் திறந்து மூடியது. ஒரு பெயரும் வரவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு, ஈஸ்டர். காலைப் பூசைக்கு அவர் தனியாகப் போனார். சுரூபங்களின் ஊதாத் துணிகளெல்லாம் முதல் நாள் இரவே விழுந்திருந்தன. மாதாவும் சூசையப்பரும் பளிச்சென்று நின்றார்கள். மல்லிகையும் மெழுகுவத்தியும் மணந்தன. மூடி வைத்தவர்களைத் திறந்துவிட்டாயிற்று, ஊருக்கெல்லாம் சந்தோஷம். யூஜின் பூசை முடியும் வரை நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் ஆனந்தமேரியின் பெரிய கத்திரிக்கோலை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நினைவிடத்துக்கு ஓடினார். கீழ் நாடாவை அறுத்துவிட்டார். துணியை முழங்கால் வரைகூடத் தூக்கவில்லை, இளம்பரிதி பின்னாலிருந்து கட்டிப்பிடித்துவிட்டார்.

“சார், சார், வேணாம் சார். கேமரா இருக்குது. உங்க வேலையும் போவும், என் வேலையும் போவும்.”

“என் பொண்டாட்டி தம்பி. உள்ள என் பொண்டாட்டி.”

“அக்காவா? அக்கா வீட்டு வாசல்ல நிக்கிறாங்க சார். இப்பத்தான் பாத்துக்கினு வந்தேன்.”

இளம்பரிதியின் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் யூஜினை ஒடித்துப் போட்டது. கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். வயசானவர், போகட்டும் என்று கேஸ் போடாமல் விட்டார்கள். அன்று சாயங்காலமே கோபிநாத் ஆள் அனுப்பி அந்த ஊதா உருவத்தை மட்டும் நைலான் கயிறால் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் இறுக்கிக் கட்ட வைத்தார். காப்பாற்றப் போனவர் கயிறு கட்டுவதற்குத்தான் காரணமானார்.

அதன் பிறகு அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. தினமும் காலையில் எதிர்க் கடையில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஈரத்தைப் பார்ப்பார். உள்ளங்கையளவு இருந்தது எலுமிச்சம்பழ அளவானது. கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

வாக்குச்சாவடியில் வரிசையில் அவளும் வந்தாள். ‘ஆனந்தமேரி’ என்று அதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டார். யூஜின் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். விரலில் மை வைத்தார்கள். புதுச் சிமெண்ட்டுத் தரையில் சிந்திய தண்ணீர் போல மை உள்ளே இறங்கிப் போய்விட்டது. மறுபடி வைத்தார்கள். மறுபடி இறங்கியது. அதிகாரிக்கு நேரமில்லை, அனுப்பிவிட்டார்.

ஈரம் ஒரு ரூபாய்க் காசு அளவானது.

பிறகு பொட்டளவு.

வோட்டு எண்ணும் நாள். வெயில் கொளுத்தியது. பதினோரு மணிக்கே முடிவு தெரிந்துவிட்டது, பட்டாசுப் புகை தெருவை மூடியது. ஜெயித்தவரை முதலில் தியாகிகளுக்கு மாலை போட வைத்து, அங்கிருந்தே ஊர்வலத்தைத் தொடங்க ஏற்பாடு. அதற்குத் தேர்தல் அதிகாரியிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். “அவுத்துடுங்க யூஜின்ணே” என்றார் கோபிநாத், அதே சாதாரணக் குரலில்.

கயிறு. முடிச்சு. பக்கத் தையலில் அவரே போட்ட முடிச்சு. தலை வழியாக உருவியதும் ஊதாத் துணி பாதத்தில் சரிந்து விழுந்தது.

சிமெண்ட். முழுக்கச் சிமெண்ட். வலது கை மேலே இல்லை. தோளுக்குக் கீழே மடங்கி, விரல்கள் வாய்க்கு முன்னால் எதையோ தள்ளுகிற மாதிரி விரிந்திருந்தன. அதற்கு மேல் அந்தக் கை போயிருக்காது. அவருக்குத் தெரியும். விரல் நுனியெல்லாம் ஊதா நூல் பிசிறுகள். வாய் திறந்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு இஞ்ச் டேப். பாதி வெளியே, பாதி சிமெண்டுக்குள். எண்கள் தெரிந்தன. பதினேழு. பதினெட்டு.

அவள் முகம்.

“பாருங்க, பாருங்க!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “அவ முகத்தப் பாருங்கய்யா!”

யாரும் பார்க்கவில்லை. மேளம் காதைப் பிளந்தது. கோபிநாத் மட்டும் ஒரு நிமிஷம் பார்த்தார். “கை இறங்கிடுச்சா? நல்லதாப் போச்சு. இனிமே கம்ப்ளெயின்ட் வராது. நாளைக்கு பெயின்டர வரச் சொல்லி, ஆட்சிக்கு ஏத்த கலர்ல ஒரு கோட் அடிச்சிடுங்க” என்றார்.

ஜெயித்தவர் பெரிய சாமந்தி மாலையைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டார். மாலை கனமாக இருந்தது. டேப்பை மறைத்தது. வாயையும் மறைத்தது. எல்லாரும் கையைத் தூக்கி வாழ்க என்றார்கள். கையை இறக்கினார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு கை மட்டும் இறங்கவில்லை. உள்ளங்கை விரிந்து, நிமிர்ந்து, வெயிலில் அசையாமல் நின்றது. பிறகு அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரை நோக்கி வந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. கல்லின் கனம். கல்லின் குளிர்ச்சி.

“வீட்டுக்குப் போலாங்க.”

யூஜின் அசையவில்லை. அவர் மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில்லை. வேப்பமரம் சிலையாக நின்றது. வாய்க்கு நேராக இருந்த ஒரே ஒரு சாமந்தி இதழ் மட்டும் உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே போனது.